ஃபா வராத பாட்டு

சுசீலாபாய் அக்கா எப்போதும் ஏதாவது ஒரு ஞானப்பாட்டை முனகிக்கொண்டே இருப்பார். ஷட்டரைத் தூக்கும்போது, மேசை துடைக்கும்போது, பிரிண்டரில் சிக்கிய பேப்பரை இழுக்கும்போது, எப்போதும். வார்த்தை இருக்காது, மெட்டு மட்டும்தான். மனு டைப் செய்யும்போது மட்டும் அது நின்றுவிடும். பல வருஷம் வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தவர். விரல் ஓடும்போது வாய் மூடியிருக்கும். ஆறு வருஷம் அவர் கடையில் வேலை பார்த்ததில் இந்தக் கணக்கு ஒரு நாளும் தப்பியதில்லை. அதனால் 2005-ஆம் வருஷம் ஒரு மத்தியானம், இரண்டு கையாலும் வேகமாகத் தட்டிக்கொண்டே அவர் பாடுவதைக் கேட்டதும், இது மனு இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

நான் ஒன்றும் கேட்கவில்லை. கவுண்டருக்குப் பின்னால் துடைப்பத்தைச் சாத்தப் போகிற சாக்கில் எட்டிப் பார்த்தேன். திரையில் இரும்புச் சட்டை போட்ட ஒரு தடியன், இரண்டு தலை உள்ள ஒரு பன்றியைக் கோடரியால் வெட்டிக்கொண்டிருந்தான். அவன் தலைக்கு மேல் ஆங்கிலத்தில் ஒரு பெயர் மிதந்தது. எழுத்துக் கூட்டி வாசித்தேன். ஞானையன்.

ஞானையன் என்பது அக்காவின் வீட்டுக்காரர் பெயர்.

அக்காவுக்கு ஊர் பாறசாலைப் பக்கம். எல்லைக்கு இந்தப் புறம் கேரளத்தில் வீடு, அந்தப் புறம் தமிழ்நாட்டில் சொந்தக்காரர்கள். பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு டைப்ரைட்டிங் லோயரும் ஹையரும் பாஸாகி, திருவனந்தபுரம் வஞ்சியூரில் ஒரு வக்கீலிடம் பதினேழு வருஷம் வேலை பார்த்தார். வக்கீல் இறந்ததும் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி தம்பானூரில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள சந்தில் ஒரு லாட்ஜின் மாடியில் டைப்பிங் கடை போட்டார். இன்டர்நெட் வந்ததும் அது எட்டு கம்ப்யூட்டர் உள்ள நெட் கஃபே ஆனது. ரயில் வருகிறது போகிறது என்று ஸ்டேஷனில் சொல்வது எங்கள் கடைக்குள் தெளிவாகக் கேட்கும். வந்தவர்களின் பெயரையும் அடையாள அட்டை நம்பரையும் நோட்டில் எழுதுவது, பெருக்குவது, பக்கத்து ஹோட்டலில் டீ வாங்கி வருவது என் வேலை. எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு டைப் சொல்லிக் கொடுத்ததும் அக்காதான்.

கிறிஸ்தவ சபையில் அவர் பெண்கள் ஐக்கிய சங்கத்தின் செயலாளர். கம்ப்யூட்டர் விளையாட்டு இளைஞரைக் கெடுக்கிறது, பெற்றோர் விழித்திருக்க வேண்டும் என்று சங்கம் ஒரு நோட்டீஸ் போட்டது. அதை எழுதியவரும் டைப் செய்தவரும் கீழே கையெழுத்துப் போட்டவரும் சுசீலாபாய் அக்கா. நானூறு காப்பி எங்கள் பிரிண்டரில்தான் எடுத்தோம்.

அந்த நோட்டீஸ்தான் அவரைக் கெடுத்தது. நேரம் முடிந்துவிட்டது என்று பத்துத் தடவை சொன்னாலும் பையன்கள் எழுந்திருக்க மாட்டேன் என்கிறார்களே, அப்படி அதில் என்ன இருக்கிறது, தெரியாமல் எப்படி எழுதுவது என்று ஒரு நாள் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து அந்த விளையாட்டைத் திறந்தார். அதன் ஆங்கிலப் பெயர் எனக்கு இன்றும் வாயில் ஒழுங்காக நுழையாது. பையன்கள் 'கோட்டை' என்பார்கள். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் அதற்குள் நடமாடுவார்கள். சேர்வதற்கு ஒரு அடையாள அட்டை நம்பர் கேட்டது. அப்போது மேசையில் கைக்கு எட்டியது ஞானையனின் வோட்டர் கார்டு காப்பி. அக்கா அதைப் பார்த்து அப்படியே அடித்தார். ஆணா பெண்ணா என்று கேட்டதற்கும் கார்டைப் பார்த்தே பதில் சொன்னார்.

ஒன்றரை வருஷத்தில் ஞானையன் அண்ணன் என்றால் எங்கள் கடைப் பையன்களுக்கு ஒரு பயம் வந்துவிட்டது. அண்ணனுக்கு ஒரு படை இருந்தது. பிரஜின் என்ற பாலிடெக்னிக் பையன் அதில் இரண்டாவது ஆள். அண்ணன் அதிகம் பேச மாட்டார். 'வா', 'நில்', 'அடி' என்று டைப் செய்வார். எழுத்துப் பிழையே இருக்காது. அவர் துபாயில் இருக்கிறார், இல்லை, ரிட்டயர்டு பட்டாளக்காரர் என்று பையன்கள் எங்கள் கடையிலேயே உட்கார்ந்து ஆராய்ச்சி செய்வார்கள். அக்கா கவுண்டரில் உட்கார்ந்து முனகிக்கொண்டிருப்பார். ஆன்ட்டிக்குப் பாட்டு தொடங்கிவிட்டது என்று அவர்கள் சிரிப்பார்கள்.

நான் மூலையில் இருந்து பார்த்த வேடிக்கைகளில் ஒன்றைச் சொல்கிறேன். பிரஜினுக்கு நேரம் முடிந்திருக்கும். விளையாட்டுக்குள் அண்ணன், இன்னும் கால் மணி நேரம் இரு, போகக் கூடாது என்று கட்டளை போடுவார். அடுத்த நொடி கவுண்டரில் இருந்து அக்கா நிமிர்ந்து, மணி ஆச்சு எழும்பு என்பார். பிரஜின் இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்து தவிப்பான். ஒரு நாள் அவன் கண்ணில் தண்ணீர் வராத குறை.

"ஆன்ட்டி, அஞ்சு மினிட்டு கூடி. போனா அண்ணன் திட்டுவாரு."

"எந்த அண்ணன்? அவனுக்கு வீட்டில சொல்லிக்கொடுக்க ஆளில்லியா?" என்றார் அக்கா. சொல்லிவிட்டு, ஐந்து நிமிஷம் என்பதைப் பத்து நிமிஷமாக்கிக் கொடுத்தார்.

எதிர்ப்படைக்குத் தலைவன் ஜெயன். இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். பழவங்காடியில் அவன் அப்பாவுக்குப் பாத்திரக் கடை. நல்ல விளையாட்டுக்காரன், வாய்தான் கொஞ்சம் நீளம். விளையாட்டுக்குள் ஞானையன் அண்ணனைக் கிழவன் என்றும் நொண்டிக் குதிரை என்றும் எழுதுவான். எழுதிய மறுநாள் அவனுக்கு ஆறாம் நம்பர் கம்ப்யூட்டர்தான் கிடைக்கும். அதன் மவுஸ் இடது பக்கம் போகாது. மற்றதிலெல்லாம் ஆள் இருக்கிறதா என்று அவன் காலியாகக் கிடக்கும் நாற்காலிகளைக் காட்டிக் கேட்பான். புக் பண்ணியிருக்கு மக்கா என்று அக்கா சொல்வார்.

2007 ஜூலையில் கோட்டை விளையாட்டுக்கு ஆண்டுவிழா வந்தது. ஏழு நாள். ஆறு நாள் சின்னச் சின்ன வேலைகள். ஏழாம் நாள் சனிக்கிழமை, நாலு மணியிலிருந்து ஐந்து மணி வரை பெரிய போட்டி. கோட்டை நடுவில் ஒரு கல். கல்லின் மேல் ஒரு விளக்கு. ஒரு படையின் தலைவன் அந்தக் கல்லில் ஏறி விளக்கைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். மற்ற படை அவனை அடித்து விளக்கைப் பறிக்க வேண்டும். சரியாக ஐந்து மணிக்கு விளக்கு யார் கையில் இருக்கிறதோ அவருக்கு றெக்கை வைத்த ஒரு வெள்ளைக் குதிரை. அந்த வாரம் விட்டால் அப்புறம் எந்தக் காலத்திலும் அந்தக் குதிரை கிடைக்காது.

அக்கா அந்தக் குதிரையின் படத்தைக் கலரில் பிரிண்ட் எடுத்து மேசைக் கண்ணாடிக்கு அடியில், பிரிவு வாரியாக எழுதிய சபைப் பட்டியலுக்குக் கீழே ஒளித்து வைத்திருந்தார். ஒரு தடவை வாங்கிய கலர் மை ஒரு மாதத்துக்கு வர வேண்டும் என்று என்னைத் திட்டுகிறவர் அவர். எவ்வளவு ஆசை என்று அதிலேயே தெரிந்தது.

விளையாட்டுக் கம்பெனியில் இருந்து போன் வந்தது புதன்கிழமை. திருவனந்தபுரத்தில் அதிகம் பேர் விளையாடுவது எங்கள் கடையில்தானாம். அதனால் இந்த ஊர்ப் போட்டியை இங்கேயே நேரில் வைக்கப் போகிறார்கள். கொச்சியில் இருந்து சபீனா என்று ஒரு பெண் வந்து பார்ப்பார். இரண்டு படைக்கும் நாலு நாலு பேர். தலைவர்கள் அடையாள அட்டையோடு நேரில் வந்து உட்கார வேண்டும். முடிந்ததும் ஜெயித்தவரைப் போட்டோ எடுத்து போஸ்டர் போடுவார்கள். ஐந்து மணிக்கு கார்டில் உள்ள ஆள் இல்லாமல் வேறு ஆள் உட்கார்ந்திருந்தால் செல்லாது.

அக்கா போனை வைத்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் முனகவில்லை.

குதிரை வேண்டுமானால் ஞானையன் வந்து உட்கார வேண்டும். உண்மையைச் சொல்லி அக்கா உட்கார்ந்தால் குதிரையும் கிடைக்காது, அண்ணனும் போய்விடுவார். இந்தப் பையன்களில் ஒருத்தனாவது நான் சொன்னதை ஒரு தடவையில் கேட்டிருக்கானா பேச்சி, அண்ணன் சொன்னா கேக்கான், ஆன்ட்டின்னு தெரிஞ்சா நாளையிலேருந்து அதுவும் போச்சு என்று என்னிடம் சொன்னார். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நோட்டீஸ் விஷயத்தை நானும் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை.

நிஜ ஞானையன் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். தினமும் ஒரு மணிக்கு சோற்றுப் பாத்திரத்தோடு மாடி ஏறி வருவார். இரண்டு பேரும் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். வியாழக்கிழமை, மீன்குழம்பு ஊற்றியபிறகு அக்கா தொடங்கினார்.

"கேட்டியளா, ஒங்க பேர்ல ஒருத்தன் ரெண்டு வருசமா சண்ட போட்டுகிட்டு நடக்கான்."

"யாரு?"

"நான்தான்."

அவர் சோற்றைப் பிசைந்தார். ஒரு உருண்டை சாப்பிட்டார்.

"ஜெயிக்கானா?"

"ஜெயிக்கான்."

"அப்ப சரி" என்றார். அவ்வளவுதான், அவர் சம்மதித்தாகிவிட்டது. ஆனால் அவருக்கு மவுஸ் எது, கீபோர்டு எது என்று கூடத் தெரியாது. முதல் தடவை மவுஸைக் கையில் எடுத்து டிவி ரிமோட் போலத் திரைக்கு நேராக நீட்டினார்.

இதற்கு அக்கா ஒரு வழி கண்டுபிடித்தார். அதைச் சொல்வதற்கு முன், அவர்கள் சபையில் பாட்டு எப்படிப் படிப்பார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். நமக்கு ச ரி க ம போல அவர்களுக்கு டோ ரே மீ ஃபா சோ லா டீ. பாடகர் குழுவின் நோட்டில் கோடும் புள்ளியும் கிடையாது. அந்த ஏழு சுரங்களின் முதல் ஆங்கில எழுத்துகள்தான் வரிசையாக இருக்கும். சின்ன வயசிலிருந்து அதைப் பார்த்துத்தான் பாடுவார்கள். அக்கா விளையாட்டில் சேர்ந்த அன்றைக்கே, எந்த எழுத்தைத் தட்டினால் என்ன நடக்க வேண்டும் என்று அவரவர் வைத்துக்கொள்ளலாம் என்றபோது, இந்த ஏழு எழுத்துகளைத்தான் வைத்துக்கொண்டார். சோ என்றால் கோடரி. மீ என்றால் ஈட்டி. லா தட்டினால் தீ பறக்கும். ரே தட்டினால் ஒரு எட்டு பின்னால் போகும். டோ, முட்டி போட்டுக் கேடயத்துக்குப் பின்னால் ஒதுங்குவது. ஃபா மட்டும் சண்டைக்கு அல்ல; அது கையில் உள்ளதை எதிரே நிற்கிறவருக்குக் கொடுப்பது. அடிபட்ட பையன்கள் மருந்து மருந்து என்று கேட்பார்கள், அதற்காக. பிறகு சண்டை என்பது ஒரு பாட்டு வாசிப்பதுதான். ஒவ்வொரு மிருகத்துக்கும் ஒரு மெட்டு. அடுத்த அடி என்ன என்று எதிரிக்குப் பிடிபடவே பிடிபடாது. ஜெயன் அண்ணனின் அடிகளை ஒரு வாரம் நோட்டில் எழுதிப் பார்த்துவிட்டு, இந்த ஆளுக்கு ஒரு முறையே இல்லை என்று சொன்னான்.

ஞானையன் அதே பாடகர் குழுவில் முப்பத்தொரு வருஷமாக பேஸ் என்கிற அடிக்குரல் பாடுகிறவர். சுரத்தைக் காதால் கேட்டால் அது எந்த எழுத்து என்று விரலால் காட்டத் தெரியும். அக்கா கீபோர்டில் அந்த ஏழு எழுத்திலும் சிவப்புப் பொட்டு ஒட்டினார். பின்னால் துணியோடு நடந்துகொண்டு அக்கா பாடுவார். உட்கார்ந்துகொண்டு அவர் தட்டுவார். விளக்கு வைத்திருக்கிறவர் கல்லைவிட்டு நகர வேண்டியதில்லை, அதனால் மவுஸுக்கும் வேலை இல்லை. ஃபா வந்தால் விளக்கைத் தூக்கிக் கொடுத்துவிடுவாரே என்று, இரண்டு ராத்திரி யோசித்து, ஃபாவே வராத ஒரு மெட்டாகப் பார்த்து எடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு, கடை திறப்பதற்கு முன்னால் ஒத்திகை. ஞானையன் பிரமாதமாகத் தட்டினார். ஒரு சுரம் பிசகவில்லை. பாட்டு முடிந்தது. முடிந்ததும் அவர் விரல் இன்னும் இரண்டு தடவை இறங்கியது.

அக்கா நின்றுவிட்டார். "அது என்னது கடைசியில?"

"ஆமென்."

அவர்கள் சபையில் எந்தப் பாட்டும் ஆமென் பாடாமல் முடியாது. பேஸ் குரலுக்கு ஆமென் என்பது ஃபா, டோ.

"ஆமென் வேண்டாம் கேட்டியளா. இது கோயில் இல்ல."

"ஆமென் இல்லாம எப்பிடி நிறுத்துகது?" என்று அவர் நிஜமாகவே கேட்டார்.

ஆறு தடவை ஒத்திகை பார்த்தார்கள். இரண்டு தடவை ஆமென் வந்தது. கடைசி நாலு தடவை வரவில்லை. அவர் இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொள்வார், அவ்வளவு கஷ்டம் அவருக்கு. சரி, இனி வராது என்று அக்கா சொன்னார். எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. அவர் கால் கட்டை விரல் செருப்புக்குள் ஃபா, டோ என்று தட்டியதை நான் பார்த்தேன்.

சனிக்கிழமை மூன்றரைக்கே மாடிப்படி நிறைந்துவிட்டது. ஞானையன் வெள்ளை வேட்டி, கஞ்சி போட்ட சட்டை, கையில் வோட்டர் கார்டு. பிரஜின் எழுந்து நின்றான். இத்தனை நாள் தினமும் சோற்றுப் பாத்திரத்தோடு தன் நாற்காலியை இடித்துக்கொண்டு போனவர்தான் அண்ணன் என்று தெரிந்ததும் நாற்காலியை ஓரமாக இழுத்து வழிவிட்டான். ஜெயன் மட்டும் கை நீட்டி, சேட்டா இவ்வளவு நாள் இங்கேயே இருந்துகிட்டு ஏன் சொல்லல்ல என்று கேட்டான். ஞானையன் கண்டக்டராக இருந்தபோது சில்லறை இல்லாதவர்களைப் பார்க்கும் பார்வை ஒன்று பார்த்தார். அது போதுமாக இருந்தது.

சபீனா கார்டைச் சரி பார்த்து, நாலாம் நம்பரில் ஞானையனையும் ஐந்தாம் நம்பரில் ஜெயனையும் உட்கார வைத்தார். படையாட்கள் அந்தந்தப் பக்கம். நாலு மணிக்கு மணி அடித்தது. முதலில் கல்லில் ஏறியது ஞானையன்தான். ஆறு நாள் வேலைகளில் அண்ணன் படைதான் முன்னால் இருந்ததால் விளக்கு முதலில் அவர்களுக்கு.

அக்கா துணியை எடுத்தார். நாலாம் நம்பருக்குப் பின்னால் உள்ள ஜன்னல் கம்பியைத் துடைக்க ஆரம்பித்தார். சோ, சோ, மீ, சோ, லா. கல்லின் மேல் கோடரி சுழன்றது. ஈட்டி பாய்ந்தது. தீ பறந்தது. முதல் தடவை ஜெயன் படை நாலு பேரும் சுருண்டு விழுந்தார்கள். ஒரு ஜன்னல் கம்பியை ஐம்பது நிமிஷம் துடைக்கிற ஒரு மனுஷியை யாருமே திரும்பிப் பார்க்கவில்லை. சபீனா மட்டும் ஒரு தடவை, ஆன்ட்டிக்கு நல்ல குரல் என்றார்.

இரண்டாம் தடவையும் விழுந்தார்கள். மூன்றாம் தடவை ஜெயன் தன் ஆட்களை விட்டுவிட்டுத் தனியாகக் கல்லோடு ஒட்டி வந்து நின்றான். அக்கா பாட்டைக் கொஞ்சம் வேகமாக்கினார். திரையில் ஜெயனின் ஆள் தள்ளாடினான். இன்னும் ஒரு அடி. அக்கா கடைசி வரியைப் பாடி முடித்தார். நாலு ஐம்பத்திரண்டு.

முடித்த விதம் அவ்வளவு அழகாக இருந்தது. அதுதான் பிசகு. ஞானையன் கண்ணை மூடிவிட்டார்.

ஃபா. கல்லின் மேல் நின்ற இரும்புச் சட்டைக்காரன் கையை நீட்டி விளக்கை ஜெயனிடம் கொடுத்தான். டோ. கொடுத்துவிட்டு அவன் முன்னால் முட்டி போட்டான்.

ஸ்டேஷனில் நாகர்கோவில் பாசஞ்சர் இரண்டாம் பிளாட்பாரத்துக்கு வருகிறது என்று சொல்வது கேட்டது. பிரஜின் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டான். எதற்குத் தனக்குக் கிடைத்தது என்று புரியாமல் ஜெயன் முதலில் திரையையும் பிறகு பக்கத்து நாற்காலியையும் பார்த்தான். பிறகு சுதாரித்துக்கொண்டு கல்லில் ஏறிவிட்டான். ஞானையன் கண்ணைத் திறந்து, சூடான பாத்திரத்தைத் தொட்டது போல இரண்டு கையையும் தூக்கிக்கொண்டார்.

நான் அக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் துணியை மடித்தார். நாலாக, எட்டாக மடித்தார். பேசாமல் நின்றால் குதிரை போகும், ஆனால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. அண்ணன் விளக்கை நழுவவிட்டார், அவ்வளவுதான் என்று ஆகும். திங்கட்கிழமை அண்ணன் மறுபடி 'வா', 'நில்' என்று எழுதலாம். எட்டு நிமிஷம் பேசாமல் நிற்க வேண்டும். அவரால் ஒரு நிமிஷம் நிற்க முடிந்தது.

"எழும்புங்க" என்றார்.

ஞானையன் எழுந்தார். அக்கா உட்கார்ந்தார். மவுஸைத் தன் பக்கம் இழுத்தார். விளையாட்டுக்குள், முட்டி போட்டிருந்தவன் எழுந்து கோடரியை உருவினான். அக்கா வாயைத் திறந்து பாட ஆரம்பித்தார். இந்தத் தடவை முனகல் இல்லை, சபையில் பாடுகிற முழுக் குரல். மெட்டு எனக்குத் தெரியும். அது யாராவது இறந்தால் அடக்க ஆராதனையில் பாடுவது. ஞானையனுக்கும் தெரிந்தது, கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, கையைக் கட்டி, பின்னால் நின்று பேஸ் குரலில் கூடச் சேர்ந்துகொண்டார்.

ஜெயனின் கண் அக்காவின் விரலுக்கும் தன் திரைக்குமாக ஓடியது.

"ஆன்ட்டியாணோ... ஞானையன் சேட்டன்?"

"ஸ்கிரீன பாரு மக்கா, சாவப்போற" என்றார் அக்கா, அடுத்த வரிக்கு மூச்செடுக்கும் இடைவெளியில்.

அவன் பார்த்தான். பார்த்தும் பலனில்லை. அடுத்த வரி முடியும்போது அவன் ஆள் கல்லில் இருந்து தலைகுப்புற விழுந்தான். விளக்கு அண்ணன் கைக்கு வந்தது. பின்னால் இருந்து ஞானையன் மெதுவாக ஆமென் என்றார். வாயால் மட்டும்.

நாலு ஐம்பத்தெட்டு. கார்டில் உள்ள ஆள் நாற்காலியில் இல்லாவிட்டால் செல்லாது. அக்கா எழுந்து வீட்டுக்காரரைத் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

"ஒண்ணையும் தொடாதிய. கைய மடியில வச்சுகிட்டு இரியுங்க."

அவர் போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்தார். இரண்டு நிமிஷம் பிரஜினும் மற்ற இரண்டு பேரும் கல்லைச் சுற்றி நின்று அடி வாங்கினார்கள். ஐந்து மணிக்கு விளக்கு ஞானையன் கையில் இருந்தது. ஞானையன் நாற்காலியில் இருந்தார். கார்டு மேசையில் இருந்தது. சபீனா நோட்டைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். விதியில் ஐந்து மணிக்கு யார் இருக்க வேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறது, நாலு ஐம்பத்தைந்துக்கு யார் என்று எழுதவில்லை என்று சிரித்தபடி சொல்லிவிட்டு கேமராவை எடுத்தார். ஜெயன் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் கவிழ்ந்திருக்கும். அவன் சொல்லவில்லை. கை கொடுக்க வந்தவன், யாருக்குக் கொடுப்பது என்று இரண்டு பேரையும் பார்த்துவிட்டு அக்காவுக்குக் கொடுத்தான். ஆறாம் நம்பர் மவுஸைப் பற்றி அப்போது அவனுக்கு ஏதோ விளங்கியது போல முகம் மாறியது.

பிரஜின்தான் கடைசி வரை நாற்காலியைவிட்டு எழவே இல்லை.

"அப்ப, கால் மணிக்கூர் கூடி இரின்னு சொன்னதும், எழும்பிப் போன்னு சொன்னதும் ஒரே ஆளா ஆன்ட்டி?"

"ரெண்டும் ஒனக்க நல்லதுக்குத்தான் மக்கா."

ஞாயிறு, திங்கள் இரண்டு நாளும் ஒரு பையனும் கடைப் பக்கம் வரவில்லை. அக்கா வாசலுக்கும் கவுண்டருக்குமாக நடந்தார். கோட்டைக்குள் றெக்கைக் குதிரை மேல் ஏறி உட்கார்ந்து தனியாக நின்றுகொண்டிருந்தார். ஒருத்தரும் பக்கத்தில் வரவில்லை. நல்ல குதிரை இல்லையா பேச்சி என்று என்னைக் கேட்டார். நல்ல குதிரை என்று சொன்னேன். செவ்வாய்க்கிழமை மத்தியானம் திரையில் ஒரு வரி வந்தது. பிரஜின், வேறு எங்கிருந்தோ. 'அண்ணா, இன்னைக்கு எத்தனை மணிக்கு?' அக்கா உடனே பதில் எழுதவில்லை. டீயைக் குடித்து முடித்து, கையைத் துடைத்துவிட்டு, 'நாலு. தாமதிக்காதே' என்று எழுதினார். பிழை இல்லாமல்.

அதற்குப் பிறகும் அவர்கள் விளையாட்டுக்குள் அண்ணா என்றும் கடைக்குள் ஆன்ட்டி என்றும்தான் கூப்பிட்டார்கள். ஒரு வித்தியாசம் வந்தது. மணி ஆச்சு என்று அக்கா கவுண்டரில் இருந்து சொன்னால் ஒரே தடவையில் எழுந்தார்கள். ஜெயன் உட்பட.

போஸ்டர் ஒரு மாதம் கழித்து வந்தது. ஞானையன் கை கட்டி உட்கார்ந்திருக்கும் படம், பின்னால் றெக்கைக் குதிரை. எல்லா ஊர் கஃபேயிலும் ஒட்டினார்கள். சபை மக்கள் பார்க்காமல் இருப்பார்களா? பெண்கள் சங்கத்தில் புகார் வந்தது. செயலாளர் என்ற முறையில், ஒரு மூத்த சபையார் கம்ப்யூட்டர் விளையாட்டுக்கு அடிமையாகிவிட்டதாக அக்காவே எழுந்து வாசிக்க வேண்டியதாயிற்று. குரல் நடுங்காமல் வாசித்தாராம். ஞானையன் எழுந்து, இனி மவுஸைத் தொட மாட்டேன் என்று சபையில் வாக்குக் கொடுத்தார். அந்த வாக்கைக் காப்பாற்ற அவருக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை.

கோட்டை விளையாட்டைக் கம்பெனி 2010-இல் நிறுத்திவிட்டது. குதிரையும் அதோடு போயிற்று. கடை அதே மாடியில் இருக்கிறது. இப்போது மூன்று கம்ப்யூட்டர்தான், பென்ஷன் மனுவும் பரீட்சை விண்ணப்பமும் நான் போட்டுக் கொடுக்கிறேன். ஜெயன் கொச்சியில் வேலை பார்க்கிறான். பிரஜின் நெய்யாற்றின்கரையில் மொபைல் கடை வைத்திருக்கிறான். அக்காவுக்கும் அவர் வீட்டுக்காரருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, பாறசாலை வீட்டில் இருக்கிறார்கள். போன மாதம் அக்காவுக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. இரண்டு மாதத்துக்குப் போன் திரையைப் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பார்க்கிறார்.